சீட்டில் டிசைன் சரியாக விழவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

காரைக்குடிப் பக்கம் ஒரு கொட்டகையில் ஓடும் சிறிய லைனை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பிவிசி பவுடரை, அதை நெகிழவைக்கும் டிஓபி எண்ணெயோடு சூடாகக் கலந்து, எக்ஸ்ட்ரூடரில் உருக்கி, டி-டை என்னும் அகன்ற பிளவு வாய் வழியாக அகலச் சீட்டாக இறக்கி, டிசைன் வெட்டிய எஃகு ரோலுக்கும் ரப்பர் ரோலுக்கும் நடுவில் அழுத்தி, குளிர்வித்துச் சுருட்டும் லைன். மேசை விரிப்பு, தரை விரிப்பு, கடை கவுண்டர் மேல் போடும் சீட் இதெல்லாம் இதில் ஓடும். சீட்டின் கனம் 0.3 முதல் 1 மில்லிமீட்டர். பனையோலைக் கொட்டான் பின்னல் போலத் தடித்த டிசைனின் ஆழம் 100 மைக்ரான் அளவில் இருக்கும். கை பட்டால் துணி போலத் தெரியும் நுண்ணிய மேட் பரப்பு என்றால் 20, 30 மைக்ரான்தான். எக்ஸ்ட்ரூடருக்குப் பதில் காலண்டர் (சூடான ரோல்களுக்கு நடுவே நசுக்கிச் சீட் ஆக்கும் மெஷின்) வைத்திருப்பவர்கள் டை பற்றிய பகுதியைத் தள்ளிவிட்டு மற்றதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பிழை தெரிந்ததும் ஆபரேட்டரின் கை முதலில் போவது டெம்பரேச்சர் கன்ட்ரோலருக்கு. என்னைக் கேட்டால் அது கடைசியாகப் போக வேண்டிய இடம். பேரல், அதாவது எக்ஸ்ட்ரூடரில் கலவை உருகும் குழாய், அதன் வெப்பத்தை 5 டிகிரி மாற்றினால் அதன் முழு விளைவு சீட்டில் தெரிய வெகுநேரம் ஆகும். அதுவரை பொறுமை இல்லாமல் அழுத்தத்தைக் கூட்டி, வேகத்தைக் குறைத்து, தண்ணீரையும் திருகிவிட்டால், பிழை போனாலும் எதனால் போனது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த ஷிப்டில் அதே பிழை வரும், மறுபடியும் அதே கூத்துதான்.

முதலில் சீட்டை விரித்துப் பாருங்கள்

லைனிலிருந்து முழு அகலத்தில் மூன்று மீட்டர் வெட்டித் தரையில் விரியுங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்துப் பயனில்லை. விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடியுங்கள். ஒளி சாய்ந்து விழுந்தால் 20 மைக்ரான் டிசைனுக்குக்கூட நிழல் தெரியும். எங்கே மங்கல், எங்கே ஆழம், எங்கே பளபளப்பு என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

இப்போது ஒரே கேள்வி: பிழை எந்தத் திசையில் போகிறது? நீளவாக்கில் விடாமல் ஓடினால் டை அல்லது அதற்கு முன்னால் உள்ள ஏதோ ஒன்று. ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் சுற்றுகிற ஏதோ ஒரு ரோல். அகலவாக்கில் ஒரு பக்கம் மட்டும், அல்லது நடுவில் மட்டும் வந்தால் அழுத்தம், ரோலின் வடிவம், குளிர்ச்சி. கணக்கே இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால் கலவை, ஈரம், தூசி. மெஷினைத் தொடாமலே பாதிக் காரணங்களை இப்படிக் கழித்துவிடலாம்.

ஒரே இடைவெளியில் வரும் தழும்பு

பிடிப்பதற்கு மிகச் சுலபமான பிழை இது. ஆனாலும் இதற்குத்தான் அதிக நேரம் வீணாகிறது, காரணம் யாரும் அளவுநாடாவை எடுப்பதில்லை. இரண்டு தழும்புகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து 3.14 ஆல் வகுத்தால் ரோலின் விட்டம் கிடைத்துவிடும். 785 மில்லிமீட்டர் வந்தால் 250 விட்டமுள்ள ரோல். 628 என்றால் 200. 942 என்றால் 300. லைனில் உள்ள எல்லா ரோல்களின் விட்டத்தையும் ஒரு தகட்டில் எழுதி மெஷினிலேயே தொங்கவிட்டால் குற்றவாளி யார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சீட் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும், சுருட்டும் வைண்டர் இழுத்தால் கொஞ்சம் நீளும். அதனால் கணக்கு ஓரிரு சதவீதம் முன்பின் இருக்கும். ரப்பர் ரோலை ஒவ்வொரு முறை கடைந்த பிறகும் அதன் விட்டம் குறையும் என்பது இன்னொன்று. 200 என்று வாங்கிய ரோல் இன்று 194 ஆக இருக்கலாம். தகட்டில் பழைய எண்ணே இருந்தால் தப்பான ரோலைக் கழற்றுவீர்கள்.

எஃகு ரோல் என்றால் டிசைன் பள்ளத்தில் ஏதாவது அடைத்திருக்கும், அல்லது அடிபட்டிருக்கும். ரப்பர் ரோல் என்றால் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, பிளேடு பட்ட வெட்டு. சீட் ரோலில் சுற்றிக்கொண்டதும் அவசரத்தில் கத்தியால் அறுக்கிறார்களே, அதன் பலன். இன்னொன்று, தட்டை விழுந்தது. மெஷினை நிறுத்தும்போது ரோல்களைப் பிரிக்காமல் அழுத்தத்திலேயே விட்டுப் போனால், ரப்பர் அந்த இடத்தில் அமுங்கி, மறுநாள் ஒவ்வொரு சுற்றுக்கும் அகலம் முழுக்க ஒரு மங்கல் பட்டை போடும். லேசான தட்டை வெறுமனே சூடேற ஓட்டினாலே சரியாகிவிடும். ஆழமாகிவிட்டால் கடைசலுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

அகலவாக்கில் நெருக்கமாக, விரல் இடைவெளியில் பட்டை பட்டையாக வந்தால் அது ரோலின் தழும்பு இல்லை. எஃகு ரோலின் ஒரு சுற்றளவுக்குள் எத்தனை பட்டை என்று எண்ணுங்கள். அந்த எண் ரோலை ஓட்டும் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையோடு ஒத்துப்போனால் சக்கரம் தேய்ந்திருக்கிறது. ஒத்துப்போகவில்லை என்றால் பேரிங் ஆட்டம், அல்லது ரோலை அழுத்தும் சிலிண்டர் துள்ளுவது. கம்ப்ரஸர் காற்றழுத்த முள் ஆடுகிறதா என்று பாருங்கள்.

டிசைன் தொடக்கத்திலிருந்தே, எங்கும் மங்கல்

சூடு, அழுத்தம், நேரம் மூன்றும் சேர்ந்தால்தான் டிசைன் விழும். டையை விட்டு வரும் நெகிழ் பிவிசி பொதுவாக 160 முதல் 180 டிகிரியில் இருக்கும். அது ரோல் இடுக்கை அடைவதற்குள் எவ்வளவு ஆறிவிடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டை உதட்டுக்கும் இடுக்குக்கும் உள்ள தூரம் கூடினால் சீட்டின் மேல்தோல் ஆறிப்போகும். மெல்லிய சீட்டில் இது இன்னும் வேகம். ஆடி மாதத்தில் கொட்டகையின் இரண்டு பக்கக் கதவும் திறந்து கிடந்து காற்று சீட்டின் மேல் நேராக அடித்தால், பேரலில் எத்தனை டிகிரி ஏற்றினாலும் டிசைன் தெளியாது. ஒரு தகரத் தடுப்பு வைத்தால் போதும்.

அதனால் முதலில் டையை இடுக்குக்கு அருகில் கொண்டுபோங்கள். அப்புறம் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். அதற்கும் அப்புறம் அழுத்தம். இதிலெல்லாம் தெளியவில்லை என்றால் பேரல் வெப்பம்.

எஃகு ரோல் ரொம்பக் குளிர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான். உருகிய பிளாஸ்டிக் பள்ளத்தின் அடிவரை இறங்குவதற்குள் மேல்தோல் இறுகிவிடும். நுண்ணிய டிசைனுக்கு ரோலை 40, 50 டிகிரியில் வைத்து ஓட்டுவது நல்லது. அதற்கு மேலே போகப் போகத் தெளிவு கூடும், ஆனால் சீட் ரோலில் ஒட்ட ஆரம்பிக்கும். ஒட்டாமல் எவ்வளவு மேலே போகலாம் என்பது உங்கள் கலவையைப் பொறுத்தது.

வெப்பத்தை அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. கையில் பிடித்துக் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பளபளக்கும் குரோம் ரோலில் பொய் சொல்லும். பளபளப்பான உலோகம் தன் வெப்பக் கதிரை மிகக் குறைவாகவே விடும், சுற்றியிருக்கும் பொருளின் கதிரைத்தான் திருப்பி அனுப்பும். ரோலின் ஓரத்தில், சீட் படாத இடத்தில், ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் காட்டி அளந்தால் உண்மை தெரியும்.

ரப்பரின் கடினமும் கணக்கில் வரும். ஷோர் ஏ அளவில் 60, 70 என்றிருந்தது நாள்பட்ட சூட்டில் ஏறி 85 ஆகியிருந்தால், சீட்டைப் பள்ளத்துக்குள் தள்ளும் நெகிழ்வு அதற்கு இருக்காது. வருடத்துக்கு இரண்டு தரம் அளந்து எழுதி வையுங்கள்.

ரோலை விட்டு வரும்போது நன்றாக இருக்கிறது, சுருளில் மங்கிவிடுகிறது

இந்த வட்டாரத்தில் பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் அதிகம் கேட்கும் புகார் இதுதான். சீட்டை வெட்டிப் பார்த்தால் டிசைன் அருமை. மறுநாள் சுருளைப் பிரித்தால் பாதி ஆழம் காணோம்.

உருகிய பிவிசியை அழுத்தி ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்தால், சூடாக இருக்கும்வரை அது பழைய வடிவத்துக்கே போகப் பார்க்கும். ரோலோடு ஒட்டியிருக்கும்போதே அதை ஆறவைத்து வடிவத்தை உறைய வைக்க வேண்டும். ரோலை விட்டுப் பிரியும் சீட் இன்னும் சுடுகிறது என்றால் வேலை பாதியில் நின்றிருக்கிறது என்று அர்த்தம். சீட் எஃகு ரோலின் மேல் எவ்வளவு தூரம் ஒட்டிப் பயணிக்கிறது என்று பாருங்கள். கால்வட்டம் மட்டும் தொட்டுவிட்டு ஓடினால் போதாது. பிரித்தெடுக்கும் சிறிய ரோலை நகர்த்தி அரைவட்டம் வரை சுற்ற வையுங்கள். செலவில்லாத வைத்தியம் இது.

அப்புறம் தண்ணீர். கூலிங் டவர் தண்ணீர் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (குமிழில் ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவு) கீழே ஒருபோதும் போகாது. வெயிலில் காற்று 39 டிகிரி இருந்தாலும் ஈரக்குமிழ் 26 பக்கம் இருந்தால், டவரிலிருந்து 29, 30 டிகிரித் தண்ணீர் வரும், அதற்குக் குறைவாக வராது. ஃபேனை மாற்றினாலும் பம்பை மாற்றினாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. எஃகு ரோலுக்கு 30 டிகிரி தாராளம். டிசைனுக்கு அடுத்து வரும் குளிர் ரோல்களுக்குத்தான் அது போதாது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கப் பணம் குறைவாக இருந்தால், அந்தக் கடைசி இரண்டு ரோல்களுக்கு மட்டும் சின்னதாக ஒன்று போட்டாலே சுருளில் மங்குவது நின்றுவிடும். லைன் முழுவதையும் சில்லரில் இணைக்கச் சொல்லி விற்க வருகிறவர்களிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

தண்ணீர் வெப்பம் சரியாக இருந்தும் ஆறவில்லை என்றால் ரோலுக்குள் உப்பு படிந்திருக்கும். காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரின் பேரை நம்பி எல்லா ஆழ்குழாய்த் தண்ணீரும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. கெட்டில் அடியில் வெள்ளையாகப் படியும் தண்ணீர் ரோலுக்குள்ளும் படியும். ரோலுக்குள் போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் 2, 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஓட்டம் குறைவு. வித்தியாசம் கம்மியாக இருந்தும் ரோல் மேல்புறம் சுட்டால் உள்ளே உப்புத் தோல் இருக்கிறது. சிட்ரிக் அமிலக் கரைசலைச் சுற்றவிட்டுக் கழுவுங்கள். கடையில் விற்கும் கழிவறை ஆசிட் வேண்டாம். ஏன் என்று முலாம் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

இவையெல்லாம் சரி என்றால் வைண்டர். சூடான சீட்டை இறுக்கிச் சுருட்டினால் உள்சுற்றுகள் நசுங்கும். சுருளின் வெளிப்புறம் தெளிவு, மையத்துக்குப் போகப் போக மங்கல் என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், இழுவிசைதான். சுருள் பெரிதாகப் பெரிதாக இழுவிசையைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். சுருட்டும் இடத்தில் சீட் கொட்டகைக் காற்றை விடச் சூடாக இருக்கக் கூடாது.

நடுவில் ஒரு மாதிரி, ஓரத்தில் ஒரு மாதிரி

நடுவில் மங்கல், இரண்டு ஓரமும் ஆழம் என்றால் ரோல் வளைகிறது. அழுத்தம் ரோலின் இரண்டு முனையில்தான் விழுகிறது. நீளமான ரோல் நடுவில் கொஞ்சம் விலகிக்கொடுக்கும். இங்கே அழுத்தத்தைக் கூட்டினால் வளைவும் கூடும், பிழை பெரிதாகும். அழுத்தத்தைக் குறைத்து, சீட்டைச் சூடாக உள்ளே விட்டுப் பாருங்கள். நிரந்தரத் தீர்வு, ரப்பர் ரோலை நடுவில் துளி பருமனாக வைத்துக் கடைவது.

இதற்கு நேர்மாறாக, காலையில் சரியாக ஓடி, போகப் போக ஓரங்கள் மங்கினால் ரப்பர் சூடேறி நடுவில் உப்பியிருக்கிறது. ரப்பர் வெப்பத்தைக் கடத்தாது. உள்ளே எவ்வளவு தண்ணீர் விட்டாலும் மேல்தோல் ஆறாது. வெளியிலிருந்து ஒரு குளிர்ந்த எஃகு ரோலைத் தொட வைத்து ஆற்ற வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் இரண்டு சிலிண்டருக்கும் அழுத்தம் சமமில்லை, அல்லது ரோல்கள் இணையாக இல்லை. மெஷின் நின்று, மெயின் சுவிட்சைப் பூட்டிய பிறகு, ரோல்களுக்கு நடுவே கார்பன் தாளும் வெள்ளைத் தாளும் வைத்து ஒருமுறை அழுத்தி எடுங்கள். தாளில் விழும் கறுப்புப் பட்டையின் அகலம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓடும் மெஷினில் இதைச் செய்யவே கூடாது. ரோல் இடுக்கு கையை இழுத்துக்கொண்டால் விடாது.

பட்டை சமமாக இருந்தும் பிழை நிற்கவில்லை என்றால் சீட்டின் கனத்தை அகலவாக்கில் பத்து இடத்தில் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். மெலிந்த இடத்தில் டிசைன் மங்கும். அது டை உதட்டின் இடைவெளியைத் திருத்தும் போல்ட்டின் வேலை.

ஓட ஓட மங்கல், ஆங்காங்கே பளபளப்புத் திட்டு

ஆத்தங்குடிக் கல்லுக்கு அந்த வழவழப்பு வருவது கண்ணாடித் தகட்டின் மேல் சாயக் கலவையை ஊற்றி வார்ப்பதால். கண்ணாடியில் அழுக்கு இருந்தால் கல்லிலும் அழுக்கு இருக்கும். டிசைன் வெட்டிய எஃகு ரோலும் (எம்பாஸ் ரோல்) அப்படித்தான், ரோலின் மேல் என்ன இருக்கிறதோ அதைச் சீட் அப்படியே நகல் எடுக்கும்.

ஷிப்ட் தொடக்கத்தில் தெளிவாக இருந்து மூன்று நான்கு மணி நேரத்தில் மங்கினால், கலவையிலிருந்து கசிந்த ஸ்டீரியேட், மெழுகு, நிறமித் துகள் எல்லாம் ரோலின் பள்ளத்தில் மெல்லிய தோலாகப் படிந்திருக்கிறது. மெஷினை நிறுத்தி, ரோலை வெதுவெதுப்பாக வைத்து, மென்மையான பித்தளை பிரஷால் டிசைன் போகும் திசையிலேயே தேய்த்தெடுங்கள். இரும்பு பிரஷ் தொட்டால் 20 மைக்ரான் டிசைன் ஒரே நாளில் போய்விடும். கரைப்பான் தேவைப்பட்டால் ஹீட்டர்கள் அணைந்து, ரோல் ஆறி, கதவு திறந்திருக்க வேண்டும். சுலபமாகத் தீப்பிடிக்கும் சரக்கு அது.

துடைப்பது தற்காலிகம். அடிக்கடி படிந்தால் கலவையைப் பாருங்கள். வழுக்கலுக்குச் சேர்க்கும் ஸ்டீரிக் அமிலம் 100 பங்கு பிவிசி பிசினுக்கு (பவுடருக்கு) அரைப் பங்கைத் தாண்டினால் படிவு கூடும். சூட்டில் கருகாமல் காக்கும் ஸ்டெபிலைசரை மாற்றிய வாரத்திலிருந்து படிவு ஆரம்பித்திருந்தால் பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது.

துடைத்தும் திட்டு போகவில்லை என்றால் ரோலின் குரோம் முலாம் தேய்ந்திருக்கிறது. முலாம் விஷயத்தில் காரைக்குடிக்காரர்கள் அலைய வேண்டியதில்லை. ஊரார் சிக்ரி என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இங்கேதான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இந்த ஊருக்குக் கொண்டுவந்த நிறுவனம். உலோகத்தின் மேல் உலோகம் படியவைக்கும் வித்தை அவர்கள் துறை. நுண்ணிய டிசைன் அச்சுகளை நிக்கலில் வளர்த்தெடுப்பதும் அதே வித்தைதான்.

குரோமை அரிக்கும் எதிரி உங்கள் எக்ஸ்ட்ரூடரிலிருந்தே வருகிறது. சூடு மிஞ்சினால் பிவிசி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும், ஈரம் பட்டால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். முலாம் பட்டறையில் பழைய குரோமைக் கழற்றப் பயன்படுத்துவதும் அந்த அமிலம்தான். கழிவறை ஆசிட் வேண்டாம் என்று சொன்னதும் இதற்காகத்தான், பெரும்பாலும் அதுவும் இதே சரக்கு.

கட்டம் சதுரமாக விழவில்லை

பூ, இலை டிசைனில் இது தெரியாது. கண்டாங்கிக் கட்டம் போட்ட சீட்டில் உடனே காட்டிக்கொடுக்கும். ரோலில் சதுரமாக வெட்டிய கட்டம் சீட்டில் நீளமாகிவிட்டது என்றால், பின்னால் உள்ள இழுக்கும் ரோல் எம்பாஸ் ரோலை விட அதிக வேகத்தில் ஓடி, சூடான சீட்டை நீட்டுகிறது. இரண்டுக்கும் 1, 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். வேகம் காட்டும் டாக்கோமீட்டரை ரோலிலேயே வைத்து அளந்து பாருங்கள், பேனலில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.

வாடிக்கையாளர் வீட்டுக்குப் போன பிறகு சுருங்குவதும் இதே நோய்தான். 100 மில்லிமீட்டர் சதுரம் வெட்டி, நீளத் திசையை அம்புக்குறியால் குறித்து, 100 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டு அளந்து பாருங்கள். நீளம் குறைந்து அகலம் கூடியிருந்தால் சீட்டை இழுத்திருக்கிறீர்கள்.

நீளவாக்கில் ஓடும் கோடு

டை உதட்டில் கருகிய துணுக்கு ஒட்டியிருக்கிறது. மெல்லிய பித்தளைத் தகடால் உதட்டின் இடுக்கை வழித்தெடுங்கள். எஃகுக் கத்தி வேண்டாம், அது போடும் கீறல் நிரந்தரக் கோடாகிவிடும். வழித்த பிறகும் கோடு அதே இடத்தில் இருந்தால் உதடு ஏற்கனவே கீறியிருக்கிறது, பாலிஷுக்கு அனுப்புங்கள். கோடு ரோலுக்குப் பிறகு விழுகிறது என்றால், அதாவது டிசைனையே அறுத்துக்கொண்டு போகிறது என்றால், வழியில் உள்ள ஏதோ ஒரு சுற்றாத உருளை உரசுகிறது.

கொப்புளம், ஊசிக்குழி, தண்ணீர்த் துளி போன்ற தழும்பு

ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு வேறு பிழைகள் ஒரே முகத்தோடு வரும். பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

சீட்டை வெட்டி ஓரத்தை லென்ஸில் பாருங்கள். உள்ளே காற்றுப்பை தெரிந்தால் கலவையில் ஈரம். பிவிசி பெரிதாக ஈரம் குடிக்காது. குடிப்பது கால்சியம் கார்பனேட்டும் சில நிறமிகளும். மழைநாளில் மூட்டையைத் தரையில் போடாதீர்கள். மிக்சரில் கலவை 100 டிகிரியைத் தாண்டும்வரை ஓடினால் ஈரம் ஆவியாகிப் போகும், மூடியின் காற்றுவழி மட்டும் அடைபடாமல் இருக்க வேண்டும். பிறகு குளிர் மிக்சரில் 45 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்த பிறகே மூட்டை கட்டலாம். சூடாகக் கட்டினால் உள்ளேயே வேர்த்துக் கட்டி தட்டும்.

உள்ளே ஒன்றும் இல்லை, மேல்புறம் மட்டும் குழி என்றால் ரோல் வேர்க்கிறது. அடைமழையில் காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 24 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்போது சில்லர் தண்ணீரை 15 டிகிரியில் விட்டால், குளிர்ந்த எலுமிச்சை ஜூஸ் டம்ளர் போல ரோல் வேர்க்காமல் என்ன செய்யும்? சுடுசீட் அந்தத் துளியைத் தொட்டதும் நீராவி தழும்பு போடும். சில்லரை 26, 27 டிகிரிக்கு ஏற்றுங்கள். கோடையில் வைத்த செட்டிங்கை மழைக்காலத்திலும் அப்படியே விடுவதால் வருவது இது.

மஞ்சள், பழுப்பு, கறுப்புப் புள்ளி

சீட் மஞ்சளாகி, மூக்கில் காரமாக ஏறும் வாடை வந்தால் பிவிசி கருக ஆரம்பித்துவிட்டது. வெளியேறும் அமில வாயுவே மேலும் கருகலைத் தூண்டும் என்பதால் இது நின்று யோசிக்க நேரம் தராது. ஸ்க்ரூவை நிறுத்தாதீர்கள், நின்றால் உள்ளே இருப்பது முழுவதும் கருகும். ஹீட்டரை இறக்கி, புதுக் கலவையை விட்டு, சுத்தமான நிறம் வரும்வரை தள்ளி வெளியேற்றுங்கள். எல்லாரும் கதவுப் பக்கம் நில்லுங்கள்.

கரண்ட் போனால் முதல் வேலை ரோல்களைப் பிரிப்பது. இல்லாவிட்டால் சுடுசீட் ரப்பரில் உட்கார்ந்துகொள்ளும். ஜெனரேட்டர் சீக்கிரம் வந்துவிட்டால் உள்ளே இருப்பதைத் தள்ளிவிட்டு ஓட்டலாம். வெகுநேரம் சூட்டிலேயே நின்றுபோயிருந்தால் முழு வேகத்தில் தள்ள வேண்டாம், டையைக் கழற்றிச் சுத்தம் செய்வதே மேல். நாள் முடிவில் நிறுத்தும்போது எல்டிபிஇ (ஒரு வகைப் பாலித்தீன்) விட்டு பேரலைக் கழுவி நிறுத்துங்கள்.

ஸ்க்ராப் கலக்கிறவர்களுக்கு ஒரு சொல். பல்சக்கரம், கிளிப் செய்யும் அசிட்டால் பிளாஸ்டிக் ஒரு துண்டுகூடப் பிவிசியோடு பேரலுக்குள் போகக் கூடாது. பிவிசி விடும் அமிலம் அதைச் சிதைத்து ஃபார்மால்டிஹைடு வாயுவை வேகமாகக் கிளப்பும். அழுத்தம் ஏறி ஆளுக்கே ஆபத்து.

சில்லறைத் தொல்லைகள்

மீன்கண் போலக் கண்ணாடிப் புள்ளி: எண்ணெய் குடிக்காத பிசின் துகள். வேறு வேறு கே மதிப்புள்ள (மூலக்கூறு நீளத்தைக் குறிக்கும் எண்) பிசின்களை ஒன்றாகக் கலக்காதீர்கள், டிஓபியை 60, 70 டிகிரியில் மெதுவாக விடுங்கள். ஓரம் சுருண்டுகொள்வது: ஒரு பக்கம் சீக்கிரம் ஆறுகிறது, இரண்டு பக்கக் குளிர்ச்சியையும் சமமாக்குங்கள். செம்மண் தூசி டிசைனுக்குள் உட்கார்ந்திருப்பது: சீட்டில் ஏறும் நிலைமின்சாரம் தூசியை இழுக்கிறது. வைண்டருக்கு முன்னால் எர்த் செய்த செம்பு இழைத் தோரணம் கட்டினாலே பெருமளவு குறையும்.

பிசுபிசுப்பு, மேசையில் ஒட்டிக்கொள்வது

இந்தப் பிழை கொட்டகையில் தெரியாது, மாதக்கணக்கில் கழித்து வீட்டிலிருந்து வரும். "தம்பி, பர்மாத் தேக்கு மேசை. எங்க அப்பச்சி காலத்துது. உங்க விரிப்பை எடுத்தா பாலிஷும் சேர்ந்து வருது" என்று ஒரு ஆச்சி சுருட்டிய விரிப்போடு வந்து நின்றால், "வெயில்தான் ஆச்சி காரணம்" என்று சமாளிக்காதீர்கள். விரிப்பிலிருந்து வெளியேறும் நெகிழ்வு எண்ணெய் வார்னிஷுக்குள் இறங்கி அதை இளக்கிவிடுகிறது.

எண்ணெய் ஏன் வெளியேறுகிறது? பெரும்பாலும் விலைக்காக டிஓபியில் ஒரு பங்கைக் குறைத்து குளோரினேட்டட் பாரஃபின் என்னும் மலிவான எண்ணெயைச் சேர்த்திருப்பார்கள். பிவிசி அதைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பிடித்து வைக்காது, மிஞ்சியது வேர்த்து மேலே வரும். கலவையைச் சோதிக்க ஒரு சீட் துண்டை இரண்டு டிஷ்யூ காகிதத்துக்கு நடுவே வைத்து, மேலே எடை வைத்து, 70 டிகிரி ஓவனில் ஒரு நாள் விடுங்கள். காகிதத்தில் எண்ணெய்க் கறை தெரிந்தால் பாரஃபினைக் குறையுங்கள்.

டிஓபி மட்டும் போட்ட சீட்டும் வார்னிஷ் மேசையில் நாள்பட்டால் தழும்பு போடும். அளவுதான் குறையும். பாலிமர் வகை நெகிழ்வு எண்ணெய் மிகக் குறைவாகவே இடம்பெயரும், ஆனால் விலை கூடுதல். அதனால் மேசை விரிப்பு என்று விற்கும் சரக்குக்கு அடியில் நெய்யாத துணி ஒட்டிக் கொடுப்பதுதான் கட்டுப்படியாகும் வழி. இலைக்குப் பதிலாகச் சாப்பாடு நேரடியாகப் படும் சீட் என்றால் டிஓபியும் பாரஃபினும் வேண்டவே வேண்டாம், உணவுக்கென்று அனுமதித்த சரக்கில் தனியாக ஓட்டுங்கள். மிக்சரையும் ஹாப்பரையும் கழுவிய பிறகு ஓட்டுங்கள், முதல் சில கிலோவை ஒதுக்கிவிடுங்கள்.